பாலைவனப் புத்தகத்தில் கருவாட்டு வாசம்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதக் கடைசியில், சிதம்பரத்தில் நான் உறுப்பினராக இருக்கிற நூலகத்தில்தான் இது ஆரம்பித்தது. பாலைவனப் பயணம் பற்றிய ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து பிரித்தால், முதல் பக்கத்திலேயே மணல், ஒட்டகம், கொளுத்தும் வெயில். கூடவே, சந்தேகத்துக்கு இடமில்லாமல், கருவாட்டு வாசம்.

எனக்கு என் ரசனையிலும் என் மூக்கிலும் அபார நம்பிக்கை உண்டு. என் மனைவிக்கு இரண்டிலுமே கிடையாது.

"மத்தியானம் சாப்டுட்டு கையை ஒழுங்கா கழுவியிருக்க மாட்டீங்க" என்றாள், அடுப்படியிலிருந்தபடியே.

"மத்தியானம் நீ போட்டது ரசம்."

"அப்ப முந்தாநேத்து."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து மறுபடி முகர்ந்தேன். வாசம் அப்படியேதான் இருந்தது. பக்கங்கள் அப்பளம் மாதிரி நெளிந்து போயிருந்தன. அங்கங்கே மஞ்சள் திட்டு. நடுப்பக்கத்தைப் பிரித்தபோது தைத்த இடத்திலிருந்து வெள்ளையாக ஏதோ பொடி உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் நூலகப் புத்தகத்தை நக்கிப் பார்ப்பதைத் தன் கண்ணால் பார்க்க நேர்ந்ததை என் மனைவி இன்றும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது உப்பு.

மறுநாள் நூலகத்தில் அதே அலமாரியில் இருந்த மற்ற புத்தகங்களை முகர்ந்து பார்த்தேன். பக்கத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தன் நாற்காலியை மெதுவாகத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். நான்கைந்து புத்தகங்களில் அதே வாசம், அதே மஞ்சள், அதே ஊதா நிற முத்திரை. கிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மீனவ கிராமத்தின் ஊர்ப்புற நூலகம் என்று அதில் இருந்தது. கவுண்டரில் கேட்டபோது, போன மழையில் அங்கே ஒரு அலமாரி உடைந்துவிட்டதென்றும், கொஞ்சம் புத்தகங்களைத் தற்காலிகமாக இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்களென்றும் சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் "ஓகோ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். நான் படித்தவன். உட்கார்ந்து, முத்திரையில் இருந்த ஊரையும் குறிப்பிட்டு, மேல் அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறவன் என்ற முறையில் என் மன வேதனையைப் பதிவு செய்தேன். 'நூலகத்தில் அறிவு மணம் கமழ வேண்டுமே தவிர, கருவாட்டு மணம் அல்ல' என்று ஒரு வரி வந்து விழுந்தது. எனக்கே அது மிகவும் பிடித்துப்போய், மனைவியிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

"அனுப்பிடாதீங்க" என்றாள். அதற்குள் அனுப்பிவிட்டேன்.

எழுதி முடித்ததும் கோபம் போய்விட்டது, ஆனால் விநோத ஆசை ஒன்று மிஞ்சியது. மீனைச் சாப்பிட்டுக்கொண்டே படித்தால் ஒரு புத்தகத்தில் வாசம் வரலாம். ஒரு ஊரே சாப்பிட்டுக்கொண்டே படிக்குமா? அப்படியே படித்தாலும், புத்தகத்துக்கு உப்பும் மஞ்சளும் எதற்கு? இரண்டு வாரமாக இதே யோசனை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும் என்பது நல்ல வாசகர்களுக்குத் தெரியும். மனைவியும் கூட வந்தாள். அவளுக்குப் புத்தக மர்மத்தில் அக்கறை இல்லை. அந்தப் பக்கம் கருவாடு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

கிள்ளையில் பஸ் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனோம். உப்பங்கழியை ஒட்டிய சின்ன ஊர். வலை பின்னுகிற கூடத்துக்கு அடுத்தாற்போல ஒற்றை அறை, வெளியே தகரப் பலகை. உள்ளே நான்கைந்து பெண்பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் பேப்பரில் ராசிபலனை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும் நூலகர் அம்மாள், யாருக்கோ பேங்க் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

நான் சிதம்பரத்து வாசகன், நூலகங்களைப் பார்ப்பதில் ஆர்வம் என்று அறிமுகம் செய்துகொண்டேன். இரண்டுமே உண்மை. நடுவில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த ஊருக்கு யாரும் நூலகம் பார்க்க வந்ததே இல்லையாம். நாற்காலி போட்டு உட்கார வைத்து, கேட்காமலே கதை சொன்னார்.

முதலில் இது ஊர் இளைஞர்கள் நடத்திய படிப்பகமாம். இரண்டு தினசரி, ஒரு பெஞ்சு. பிறகு நூலகம் வேண்டும் என்று மனுப் போட்டபோது, கட்டடம் வாடகையில்லாமல் கிடைத்தால் பார்க்கலாம் என்றார்களாம். ஐஸ் பெட்டி வைத்திருந்த இந்த அறையை ஊர்ப் பஞ்சாயத்து காலி செய்து கொடுத்திருக்கிறது. கடலூரில் மாவட்ட மைய நூலகம், அதற்குக் கீழே ஊர்களில் கிளை நூலகங்கள், அதற்கும் கீழே ஊர்ப்புற நூலகம். "மரத்துல கடைசி இலை நாங்கதான் சார்" என்று சிரித்தார். "காத்தடிச்சா மொதல்ல ஆடறதும் நாங்கதான்."

"உறுப்பினர்கள் நிறையவா?"

"வீட்டுக்கு வீடு சேத்துட்டேன் சார். மகளிர் குழு கூட்டத்துல போயி உக்காந்து, எல்லாரையும் சேத்தேன். கார்டை ரேஷன் கார்டோட பத்திரமா வச்சிருக்காங்க. வெளியதான் எடுக்க மாட்டேங்கறாங்க."

மெதுவாக அலமாரிப் பக்கம் போய் ஒரு புத்தகத்தை எடுத்து, ஏதோ தற்செயலாக நடந்தது போல மூக்கருகே கொண்டுபோனேன். "இதுல கொஞ்சம் வாசம் வருதே..."

அவர் பதில் சொல்வதற்குள், வாசலில் கூடையை இறக்கிவிட்டு என் மனைவியிடம் வாளைக் கருவாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்த ஒரு நடுத்தர வயதுப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். உரத்த குரல், நெற்றியில் பெரிய பொட்டு.

"வராதா பின்ன? எங்க களத்துல காஞ்சதுல்ல!"

அப்புறம் கதையை அவள்தான் சொன்னாள். நடுநடுவே நூலகர் திருத்தினார். மழையில் உப்பங்கழி ஏறி அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அலமாரி சாய்ந்து, புத்தகங்கள் எல்லாம் சேற்றில். தண்ணீர் வடிந்ததும் நூலகர் வந்து பார்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

"நான் ஒண்ணும் அழுவல" என்றார் நூலகர்.

"கண்ணுல தூசி விழுந்துச்சு, சேத்துல" என்றாள் அவள். "நான் கேட்டேன், ஏம்மா லைப்ரரிம்மா, இன்னா இப்ப? நனைஞ்சிருக்குது, அவ்ளதானே? நனைஞ்சதைக் காய வைக்கறதுதான் எங்களுக்குத் தொழிலே."

வெயில் தலைகாட்டியதும் ஊர்ப் பெண்கள் கூடை கூடையாகப் புத்தகங்களை மீன் காய வைக்கும் களத்துக்குச் சுமந்து போயிருக்கிறார்கள். மணலில் பட்டால் ஈரம் ஏறும் என்பதால், மீனுக்குப் போடுகிற மூங்கில் பரண்மேல் பழைய வலையை விரித்து அதன்மேல் வைத்தார்கள். மேலும் கீழும் காற்றுப் போகும். தடிப் புத்தகத்தை விசிறி மாதிரி விரித்து நிற்க வைத்தார்கள். மெலிந்த புத்தகங்களை வாளை மீன் மாதிரி கயிற்றில் தொங்கவிட்டார்கள். வெயில் நகர நகரப் புரட்டிப் போட்டார்கள். காக்காய் வரும் என்று ஆள் வைத்து விரட்டியிருக்கிறார்கள்.

"காக்கா புஸ்தகத்தை இன்னாத்துக்குத் தூக்கப் போவுது?" என்று நான் கேட்டேன். எனக்கே தெரியாமல் அவர்கள் பேச்சு என் வாயில் வந்துவிட்டது.

"பரண்ல இன்னா இருந்தாலும் காக்கா விரட்டித்தான் பழக்கம் சார்."

"உப்பு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் நாள் நூலகர் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்த நேரத்தில், பூச்சி வரக்கூடாது என்று இவர்களே கருவாட்டுக்குப் போடுகிற மாதிரி பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் உப்பும் மஞ்சள்தூளும் தூவிவிட்டார்கள். நூலகர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். உப்பு ஈரத்தை இழுக்குமே! அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தட்டி எடுத்திருக்கிறார்கள். எல்லாம் போகவில்லை.

"ஜாஸ்தி போடல" என்றாள் அவள், சமையலில் குறை சொல்லிவிட்ட மாதிரி. "வஞ்சரத்துக்குப் போடறதுல பாதிகூடப் போடல."

எனக்கு ஆர்வம் விடவில்லை. "நீங்க இந்தப் புத்தகமெல்லாம் படிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்குக் கையெழுத்துதான் சார் போடத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாத்துனீங்க?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நனைஞ்சு கெடக்குது. எடுத்துக் காயப் போட்டோம். இதுக்கெல்லாம் காரணம் கேப்பாங்களா?"

எழுந்து ஓடியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அதற்குள் நூலகரின் முகம் மாறிவிட்டது. "இவ்வளவு செஞ்சும் பிரயோசனம் இல்ல சார். எவனோ ஒரு மகானுபாவன் மேலிடத்துக்குப் புகார் எழுதிட்டான். செவ்வாய்க்கெழம ஆய்வுக்கு வர்றாங்க. வாசம் அடிக்கற புத்தகத்தையெல்லாம் சேதமானதுன்னு கணக்குல இருந்து நீக்கிடுவாங்க. எங்கிட்ட வாசம் அடிக்காத புத்தகம் எது சார் இருக்கு? அலமாரி காலியானா நூலகத்தை எதுக்கு வச்சிருக்கணும்? கிளையோட சேத்துருவாங்க. என்னை எங்கியாவது மாத்துவாங்க, அது பரவால்ல. இந்தப் பொண்ணுங்க உக்காந்து படிக்க வேற எடம் இல்ல."

படித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் தலை நிமிரவில்லை. ஆனால் யாரும் பக்கம் புரட்டவும் இல்லை.

"அந்தாளு எழுதியிருக்கற லட்சணத்தைப் பாருங்களேன்" என்று நூலகர், ஆய்வு பற்றி வந்த கடிதத்தை எடுத்து வாசித்தார். "அறிவு மணம் கமழ வேண்டுமே தவிர..."

என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரு வரியை இன்னொருவர் வாய்விட்டு வாசித்துக் கேட்டது அதுதான் முதல் முறை. எழுதுகிறவர்கள் இதற்காக ஏங்குவார்கள் என்று படித்திருக்கிறேன்.

வாசலில் இருந்து என் மனைவி சொன்னாள்: "அந்த மகானுபாவன் இவருதாங்க."

ராசிபலன் பெரியவர்கூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நூலகர் கையிலிருந்த தாளை மடித்து வைத்தார். கருவாட்டுக்காரப் பெண்தான் பேசினாள். என்னிடம் இல்லை, என் மனைவியிடம்.

"எப்பிடிக்கா இவுரோட குடும்பம் நடத்துற?"

"என்ன பண்றது, நனைஞ்சிருந்தா காயப் போடலாம். இது ஆரம்பத்துல இருந்தே காஞ்சு கெடக்குது" என்றாள் என் மனைவி.

நாளைக்கே கடலூர் போய்ப் புகாரை வாபஸ் வாங்கிவிடுகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண் நூலகரிடம் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஆபீசரு வர்ற அன்னிக்கு புஸ்தகம் இங்க இல்லைன்னா இன்னா பண்ணுவாரு?"

"இரவல்ல போனதை நீக்க முடியாது. திரும்பி வந்தப்பறந்தான்."

திங்கட்கிழமை லீவு போட்டுக் கடலூர் போனேன். மேசை மேசையாக நின்றேன். வாபஸ் வாங்க வழியில்லை. "எத்தனையோ புகார் வருது சார், ஒண்ணும் நகர்றதில்ல" என்றார் அங்கே ஒருவர், வருத்தமாகவே. "உங்களுதுதான் நல்லா எழுதியிருந்துச்சுன்னு மேலதிகாரிங்க படிச்சுட்டு உடனே நடவடிக்கைன்னு போட்டுட்டாங்க." எனக்குக் கிடைத்த ஒரே இலக்கியப் பாராட்டு அது.

தோற்றுப்போன செய்தியைச் சொல்லத்தான் சாயங்காலம் மறுபடி அந்த ஊருக்குப் போனேன். நூலக வாசலில் வரிசை நின்றது. எல்லாம் பெண்கள். சிலர் கையில் ஈரம்கூடக் காயவில்லை. ஒவ்வொருவர் கையிலும் உறுப்பினர் அட்டை, பிளாஸ்டிக் உறையில், புத்தம் புதிதாக.

நூலகர் பாவம் திணறிக்கொண்டிருந்தார். "இது தப்பு, எல்லாரும் ஒரே நேரத்துல இப்பிடி..."

"லைப்ரரில வந்து புஸ்தகம் எடுக்கறது தப்பா?" என்றாள் கருவாட்டுக்காரப் பெண். "எடு எடுன்னு நீதானே குழுக் கூட்டத்துல கத்துன? இப்ப எடுக்கறோம். தடை பண்ண வலையைத் தேடி செக்கிங் வர்றாங்கன்னா எங்கூர்ல வலைக்கே வீட்டுக்கு வீடு எடம் கெடைக்குது. புஸ்தகத்துக்கா கெடைக்காது?" என்னைப் பார்த்ததும், "வாங்க மகானுபாவரே" என்றாள்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுத்த விதம் தனி அழகு. ஒருத்தி சாமி படம் போட்டது கேட்டாள். இன்னொருத்திக்கு அட்டையில் சிரிக்கிற பெண்ணின் புடவை பிடித்திருந்தது. கருவாட்டுக்காரப் பெண், "இருக்கறதுலயே பெருசா குடு, எடம் சீக்கிரம் காலியாவும்" என்று ஒரு தடித்த வரலாற்று நூலைக் கூடையில் போட்டுக்கொண்டாள். இருட்டுவதற்குள் அலமாரி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி அறுபதை நெருங்கியவர், அமைதியானவர். காலி அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எல்லாமே இரவல்லயா?"

"ஆமா சார்" என்றார் நூலகர்.

அதிகாரி வெளியே வந்தார். களத்து ஓரம் கூடையோடு உட்கார்ந்திருந்த கருவாட்டுக்காரப் பெண்ணின் மடியில் வரலாறு இருந்தது. அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இந்த நாத்தத்தோட எப்பிடிம்மா படிக்கறது?"

அவள் புத்தகத்தை வாங்கித் தானும் முகர்ந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினாள். அவளும் முகர்ந்தாள். "இன்னா நாத்தம் சார்?" என்றாள் கருவாட்டுக்காரப் பெண்.

அது நடிப்பு இல்லை. அந்த முகத்தை நான் பார்த்தேன். அவளுக்கு உண்மையிலேயே எதுவும் தெரியவில்லை. நமக்கு நம் வீட்டு வாசம் தெரியுமா?

அதிகாரி நூலகர் பக்கம் திரும்பினார். "இந்த ஊர்ல யாருக்கும் வாசம் தெரியல. அப்ப புகார் குடுத்தது யாரு? அவருக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?"

நூலகர் என்னைப் பார்க்கவே இல்லை. காட்டிக் கொடுக்கக்கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சார்" என்றேன்.

"இப்ப வாசம் அடிக்குதா?"

அடித்தது. சத்தியமாக அடித்தது. "ஜலதோஷம் சார். ஒண்ணும் தெரியல" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்ணோரம் மட்டும் லேசாகச் சுருங்கியது. "புகார் எழுதுனப்பவும் ஜலதோஷம் இருந்திருக்குமோ?"

"இருந்திருக்கும் சார். எனக்கு அடிக்கடி வரும்."

"அதை எழுதிக் குடுங்க. அலங்காரம் வேண்டாம்."

வலை பின்னுகிற கூடத்தில் உட்கார்ந்து எழுதினேன். எனக்கு மூக்குச் சரியில்லை, என் புகாரை நம்ப வேண்டாம் என்று எழுதினேன். அதில் ஓர் உவமை இல்லை, எதுகை இல்லை. அதிகாரி அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு, இந்த நூலகத்தின் வாசகர்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை, புத்தகங்கள் புழக்கத்தில் உள்ளன என்று குறித்துக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது நூலகரிடம், "அலமாரிக்கு ஒரு விண்ணப்பம் போடும்மா, பார்க்கறேன்" என்றார். அவரும் எங்கேயோ ஒரு கடைசி இலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

நூலகர் அப்போதுதான் என்னிடம் பேசினார். "டீ சாப்பிடுங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

புத்தகங்கள் உடனே திரும்பி வரவில்லை. தவணை தாண்டியும் வீடுகளிலேயே இருந்தன. நூலகர் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது சிலர், "இன்னும் முடியல" என்றார்களாம். யாரோ ஒரு வீட்டில் மகள் வாய்விட்டுப் படிக்க, அம்மா மீன் கழுவிக்கொண்டே கேட்டாளாம். எல்லா வீட்டிலும் அப்படி நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சில வீடுகளில் அது டிவிக்குக் கீழே முட்டுக் கொடுத்துக் கிடந்தது என்பதையும் நூலகரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

குறை கண்டால் எழுதுகிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் முதலில் பஸ் ஏறிப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். பார்த்த பிறகும் சில சமயம் எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் எழுதும்போது, என் வரி போய் விழப்போகிற இடத்தில் யாரோ ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. அது தெரிந்த பிறகு, அழகான வாக்கியம் எதுவும் எனக்கு அத்தனை சுலபமாக வருவதில்லை.